சீனப் பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் இருந்து தென்சீனாவில் உள்ள குவாங்சோவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு இங்கே சோங்தா துணிச் சந்தையில் ஜிப், பட்டன், லேஸ் எல்லாம் பார்த்து வாங்கி ஊருக்கு அனுப்பும் வேலை. மூத்தவள் இந்த ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் ஆறு வருஷமும் படித்து முடித்துவிட்டாள். சின்னவன் இப்போது மூன்றாம் வகுப்பு. ஊருக்குப் போனால் கல்யாண மண்டபத்தில் இலை போட்டு உட்கார்ந்ததுமே கேள்விகள் ஆரம்பித்துவிடும். சீனாவுக்கு மாற்றலாகி வரப்போகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

மூன்று வழி உண்டு. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ள பிள்ளைகளுக்கு மட்டுமான சர்வதேசப் பள்ளிகள் ஒன்று. அங்கே எல்லாம் ஆங்கிலம், கட்டணத்தைக் கேட்டால் தலை சுற்றும், கம்பெனி கட்டினால்தான் கட்டுப்படியாகும். சீனமும் ஆங்கிலமும் கலந்த தனியார் பள்ளிகள் இன்னொன்று. மூன்றாவது, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள அரசுப் பள்ளி. வெளிநாட்டுப் பிள்ளைகளையும் பல ஊர்களில் சேர்த்துக்கொள்கிறார்கள். பெற்றோரின் வேலை அனுமதி, பிள்ளையின் வசிப்பு அனுமதி, தடுப்பூசி அட்டை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் கேட்பார்கள். விதிகள் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் என்பதால் உங்கள் பகுதிக் கல்வி அலுவலகத்தில் நேரில் போய்க் கேளுங்கள். செப்டம்பர் 1-ம் தேதி பள்ளி திறக்கும். ஆகஸ்ட்டில் போய் நின்றால் காலம் கடந்துவிடும்.

சீனப் பண்பாட்டைப் பிள்ளை பள்ளி வழியாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைத்தால் என் ஓட்டு அரசுப் பள்ளிக்குத்தான். சர்வதேசப் பள்ளியில் வருஷத்துக்கு ஒரு நாள் சிவப்பு விளக்கு கட்டி, டிராகன் பொம்மை தூக்கி ஆடுவார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். விருந்தாளிக்குக் கூடத்தில் நாற்காலி போடுவது போல அது. அரசுப் பள்ளியில் பிள்ளையை நேராக அடுப்படிக்கே கூட்டிப்போய்விடுவார்கள்.

ஒரு வார்த்தை சீனம் தெரியாத பிள்ளை தாக்குப்பிடிக்குமா?

முதல் ஆறு மாதம் அழும். நீங்களும் அழுவீர்கள். அப்புறம் ஒரு நாள் தூக்கத்தில் சீனத்தில் பேசும்.

ஒன்று சொல்கிறேன், இது எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் இல்லை: தமிழ்ப் பிள்ளைக்குச் சீன உச்சரிப்பில் ஒரு கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது, இன்னொன்று பூட்டியிருக்கிறது. திறந்த கதவு நம்முடைய 'ழ'. சீனத்தில் மனிதனைக் குறிக்கும் சொல்லை ரோமன் எழுத்தில் 'ர'வில் தொடங்குவது போல எழுதுவார்கள். வாயில் வருவது கிட்டத்தட்ட 'ழென்'. நாக்கை மடித்து ஒலிக்கும் இந்த ஒலிக்கு வகுப்பில் இருந்த ஏமன் நாட்டுப் பையன் மாதக்கணக்கில் போராடினான். மூத்தவள் முதல் நாளே சொல்லிவிட்டாள். வாழைப்பழம் சொல்லிப் பழகிய நாக்கு.

பூட்டிய கதவு, காற்றை விட்டுச் சொல்லும் எழுத்துகள். நமக்கு ஒரே 'ப'தான். சீனத்தில் காற்று விடாத 'பாவ்' என்றால் வயிறு நிறைந்தது, காற்றை ஊதிச் சொன்னால் ஓடுவது. சுருதிகூட இரண்டுக்கும் ஒன்றே. விளையாட்டு ஆசிரியர் "ஓடினாயா?" என்று கேட்க, இவள் "வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று பதில் சொல்லியிருக்கிறாள். மைதானமே சிரித்ததாம். இதற்கு மருந்து ஒரு துண்டு டிஷ்யூ பேப்பர். உதட்டுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும். காகிதம் ஆடினால் ஓடுகிறோம், ஆடாவிட்டால் சாப்பிட்டிருக்கிறோம்.

நான்கு சுருதிகளைப் பற்றிப் பெரியவர்கள்தான் பயப்படுகிறோம். 'மா' என்பதை நான்கு விதமாகச் சொன்னால் அம்மா, சணல், குதிரை, திட்டுவது என்று பொருள் மாறும். பிள்ளைகள் அதைப் பாட்டு மெட்டு போலப் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இன்னும் அம்மாவும் குதிரையும் குழம்புகின்றன.

ஆயிரக்கணக்கான எழுத்துகளை எப்படிப் படிக்கிறார்கள்?

நம் 247-ஐப் பார்த்து மலைத்தவர்கள் நாம். இங்கே முதல் இரண்டு வகுப்புக்குள் சுமார் 1,600 எழுத்துகளை அடையாளம் காண வேண்டும், 800-ஐக் கையால் எழுத வேண்டும். ஆறாம் வகுப்பு முடியும்போது 3,000 படிக்கவும் 2,500 எழுதவும் தெரிய வேண்டும் என்பது அரசுப் பாடத்திட்டத்தின் கணக்கு. 1958-ல் வந்த பின்யின் என்ற ரோமன் எழுத்து முறை கைத்தடி மாதிரி. இரண்டு மூன்று வருஷம் ஊன்றிக்கொண்டு நடப்பார்கள், பிறகு போட்டுவிடுவார்கள்.

மூத்தவளின் முதல் வகுப்புப் புத்தகத்தில் முதல் பாடம் ஆறே எழுத்து. வானம், பூமி, மனிதன், நீ, நான், அவன். எனக்கு அந்தப் பக்கத்தை மூட மனசே வரவில்லை. அணிலும் ஆடும் இருக்க வேண்டிய இடத்தில் வானத்தையும் பூமியையும் வைத்திருக்கிறார்கள்.

எழுத்தே கதை சொல்லும். மரத்துக்கான எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எழுதினால் தோப்பு, மூன்று எழுதினால் காடு. மரத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் சாய்ந்தால் ஓய்வு. கோடுகளை எந்த வரிசையில் இழுப்பது என்பதற்குக் கறாரான விதி உண்டு. நாடு என்ற எழுத்து ஒரு பெட்டி, அதற்குள் இன்னொரு எழுத்து. மூன்று பக்கச் சுவரைக் கட்டி, உள்ளே உள்ளதை எழுதிவிட்டு, அடிக்கோட்டைக் கடைசியில் போட வேண்டும். ஆள் உள்ளே போன பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும். சின்னவன் அவசரத்தில் பெட்டியை மூடிவிட்டு உள்ளே எழுதினான். எழுதி முடித்தபின் பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது என்றுதான் நான் நினைத்தேன். ஆசிரியைக்குத் தெரிந்துவிட்டது. நாலு கட்டம் போட்ட நோட்டில் ஒரு பக்கம் முழுக்க மறுபடி.

பிள்ளையின் பெயரை என்ன செய்வார்கள்?

சீனப் பெயர் வைக்கச் சொல்வார்கள். குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், மொத்தம் இரண்டு அல்லது மூன்று எழுத்து. நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் கட்டத்தில் இருப்பதால் முதல் வாரம் முழுக்க மூத்தவளை அவள் அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்க்கவே இல்லை. காது சரியாகக் கேட்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லி எங்களுக்குத் தகவல் வந்தது! நல்ல பொருள் வரும் எழுத்தாகத் தேர்ந்தெடுக்க வகுப்பு ஆசிரியையிடமே கேளுங்கள். அதை அவர்கள் பெரிய மரியாதையாக எடுத்துக்கொள்வார்கள்.

உங்கள் பெயரும் மாறும். வாட்ஸ்அப் மாதிரியான வீசாட்டில் பெற்றோர் குழு இருக்கும், அதில் நீங்கள் 'இன்னாருடைய அம்மா'. வேறு பெயர் கிடையாது. நம் தெருவில் எப்படியோ அப்படியே.

'சீனப் பண்பாடு' என்று தனிப் பாடம் இருக்கிறதா?

அந்தப் பெயரில் இல்லை. ஆனால் காலை எட்டு மணிக்கு வாசலில் தொடங்கி எல்லாமே அதுதான்.

வாசலில் ஆசிரியர்கள் நிற்பார்கள். 'லாவ்ஷி ஹாவ்' சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். லாவ்ஷி என்றால் ஆசிரியர், பெயரை மட்டும் சொல்லிக் கூப்பிடக் கூடாது. தாளோ பரிசோ எது கொடுத்தாலும் வாங்கினாலும் இரண்டு கையால். வலது கையால் கொடு என்று வளர்த்த பிள்ளைக்கு இடது கையும் சேர்வதுதான் வித்தியாசம். வெந்நீர்க் குடுவை கழுத்தில் தொங்கும். வெயில் கொளுத்தும் ஜூனிலும் வெந்நீர்தான். ஊருக்கு வந்தால் இப்போது பானைத் தண்ணீரைப் பார்த்து இவர்கள் தயங்குகிறார்கள், என் மாமியாருக்குக் கோபம் வருகிறது.

இடைவேளையில் இசைக்குக் கூட்டு உடற்பயிற்சி. 1951 முதல் நாடு முழுக்க நடக்கும் பழக்கம். கண்களைச் சுற்றி விரலால் அழுத்தும் கண் பயிற்சி 1963-ல் பெய்ஜிங்கில் தொடங்கி எல்லாப் பள்ளிக்கும் பரவியது. ஒலிபெருக்கியில் எண்ணிக்கை வரும், நாற்பது பிள்ளைகள் கண்ணை மூடி நெற்றிப்பொட்டைத் தேய்ப்பார்கள். மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம். பள்ளி முடிந்ததும் அன்றைய முறைப் பிள்ளைகள் வகுப்பறையைக் கூட்டித் துடைக்க வேண்டும். "பீஸ் கட்டிப் படிக்க அனுப்பினால் பெருக்கவா சொல்கிறார்கள்" என்று ஊரில் ஒரு சித்தப்பா கேட்டார். முதலில் பீஸ் கட்டுவதே பெயருக்குத்தான். இரண்டாவது, கலெக்டர் மகனானாலும் துடைப்பம் ஒன்றுதான் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

ஸ்கிப்பிங் கயிறு வாங்கி வையுங்கள். ஒரு நிமிஷத்தில் எத்தனை தாண்டுகிறார்கள் என்பது உடல்தகுதித் தேர்வில் மதிப்பெண். மாலையில் எங்கள் குடியிருப்பு முற்றத்தில் கயிறு தரையில் அடிக்கும் சத்தம் மழை மாதிரிக் கேட்கும்.

வாய்ப்பாட்டையும் சொல்ல வேண்டும். ஒன்பதுக்கு மேல் கிடையாது. மூவேழு சொன்ன பிறகு ஏழு மூன்று எதற்கு என்று அதையும் வெட்டிவிட்டார்கள், ஆக மொத்தம் 45 வரி. எண்கள் எல்லாம் ஒற்றை அசை என்பதால் 'சான் ச்சி அர் ஷி யி' என்று தாளத்தோடு ஓடும். மூவேழு இருபத்தொன்று. சின்னவன் கடையில் கணக்குப் போடும்போது உதடு சீனத்தில்தான் அசைகிறது.

பண்டிகைகளைப் பள்ளியில் எப்படிக் கொண்டாடுகிறார்கள்?

ஒரு சொல்லை மட்டும் இப்போதே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஷௌச்சாவ்பாவ். கையால் எழுதி வரைந்த சுவரொட்டி. ஒவ்வொரு பண்டிகைக்கும் ஒன்று. முந்தின இரவு எட்டரை மணிக்கு ஆசிரியை குழுவில் செய்தி போடுவார். எல்லா அம்மாக்களும் வரிசையாக 'ஷௌதாவ்', கிடைத்தது என்று பதில் போடுவார்கள். பிறகு பத்தரை வரை ஒவ்வொரு வீட்டிலும் அம்மாதான் வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பாள். நான் வரைந்த டிராகன் படகுக்கு ஒரு முறை மூன்று நட்சத்திரம் கிடைத்தது, பெயர் மட்டும் மகளுடையது.

வேலையாகச் செய்தாலும் விஷயம் உள்ளே இறங்கிவிடுகிறது. ஐந்தாம் சந்திர மாதம் ஐந்தாம் நாள் டிராகன் படகுத் திருவிழா. கி.மு. 278-ல் ஆற்றில் விழுந்து உயிர் விட்ட சூ நாட்டுக் கவிஞர் சூ யுவானின் நினைவு. மீன்கள் அவர் உடலைத் தின்னாமல் இருக்க ஊர்மக்கள் சோறு போட்டார்கள் என்பது கதை. இலையில் பசையரிசியைப் பொதிந்து அவிக்கும் சோங்சி அன்றைக்கு. வாசலில் மாசிப்பச்சை மாதிரி மணக்கும் ஒரு தழையைக் கட்டுவார்கள், பிள்ளைகள் கையில் ஐந்து நிற நூல். நோய் அண்டாது என்ற நம்பிக்கை. வேப்பிலையும் கறுப்புக் கயிறும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் சிங்மிங், முன்னோர் கல்லறையைச் சுத்தம் செய்து படையல் வைக்கும் நாள். இலையுதிர்கால முழுநிலவுக்கு நிலாப் பணியாரம். சிங்மிங்கும், டிராகன் படகும், நிலாத் திருநாளும் அரசு விடுமுறை ஆனது 2008-ல்தான் என்று கேட்டபோது எனக்கே வியப்பு.

குளிர்கால உச்சி நாள் டிசம்பர் 21 அல்லது 22. அன்று பள்ளிச் சுவரொட்டியில் எல்லோரும் வடக்கத்திய ஜியாவ்சி என்ற கொழுக்கட்டையை வரைவார்கள், பின்னணியில் பனி. குவாங்சோவில் பனி எங்கே? வீட்டில் சாப்பிடுவது சர்க்கரைப் பாகில் மிதக்கும் தாங்யுவான் உருண்டை. முதல் தடவை பார்த்ததும் "பால் கொழுக்கட்டைல பால் ஊத்த மறந்துட்டாங்க" என்றாள் மூத்தவள். தலைநகர் எழுதும் பாடம் ஒன்று, தெற்குத் தெருவின் வழக்கம் ஒன்று என்பதைப் பிள்ளை அன்றைக்கே பிடித்துக்கொண்டாள்.

புத்தாண்டுக்குச் சிவப்பு உறை கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. நாம் மொய் என்றால் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று. அந்த ஒரு ரூபாய் இல்லாவிட்டால் மொய்யே இல்லை. இங்கே நேர் எதிர், இரட்டைப்படைதான் மங்களம். ஆனால் நான்கு கூடாது, அந்த ஒலி சாவுக்கும் வரும். கடிகாரமும் பரிசாகக் கொடுக்காதீர்கள், அதே காரணம்தான்.

பாடப் புத்தகத்தில் என்ன கதைகள் வருகின்றன?

மூன்றாம் வகுப்பில் முதன்முதலாகப் பழஞ்சீன நடையில் ஒரு பாடம். முப்பதே எழுத்து. முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், ஒருவன் பெரிய தண்ணீர்ச் சாலின் மேல் ஏறி உள்ளே விழுந்துவிடுகிறான். எல்லோரும் ஓடிவிட, சிமா குவாங் என்ற சிறுவன் கல்லை எடுத்துச் சால் மீது போட்டு உடைக்கிறான். தண்ணீர் பீறிடுகிறது, பிள்ளை பிழைக்கிறது. சிமா குவாங் (1019-1086) பிற்பாடு பெரிய வரலாற்றாசிரியர். ராஜராஜன் மறைந்து, ராஜேந்திரன் காலம் அது. சின்னவன் இதைப் போனில் பாட்டிக்குச் சொன்னான். பாட்டி கேட்ட ஒரே கேள்வி, "சால் யார் வீட்டுது சாமி?"

தொடக்கப் பள்ளிக்குள் 75 பழம்பாடல்கள் மனப்பாடம் என்பது பாடத்திட்டத்தின் பரிந்துரை. நிலவைப் பார்த்து ஊரை நினைக்கும் லி பாய் கவிதை முதல் வகுப்பிலேயே வந்துவிடும். ஆறு வயசில் ஊர் ஏக்கமா என்று நினைத்தேன். எங்கள் பிள்ளைகளுக்கு அது பொருந்தியது வேறு விஷயம்.

அன்னையர் தினத்துக்கு வந்த ஒரு வீட்டுப் பாடத்தை மறக்க முடியாது. அம்மாவின் காலைக் கழுவிவிட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மூத்தவள் துணி ஊறவைக்கும் நீல பேசினில் வெந்நீர் எடுத்து வந்தாள். நான் சோபாவில் கூச்சத்தோடு உட்கார்ந்திருக்க, விரல் இடுக்கெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்த்தவள் மெட்டியைப் பார்த்ததும் நிறுத்தி, "இதைக் கழட்டணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன். மறுநாள் வகுப்பில் நாற்பது படங்களுக்கு நடுவில் மெட்டி போட்ட கால் ஒன்றுதான். அது என்ன வளையம் என்று ஆசிரியை கேட்க, கால் மணி நேரம் அவள்தான் பாடம் நடத்தியிருக்கிறாள். ஊரிலும் சில பள்ளிகளில் பெற்றோருக்குப் பாத பூஜை என்று வைக்கிறார்களே, அதே கதைதான். இங்கே கற்பூரம் மட்டும் இல்லை.

சைவப் பிள்ளைகள் என்ன செய்வது?

கஷ்டம்தான், பூசி மெழுக மாட்டேன். காய்ப் பொரியலிலும் பன்றிக்கறித் துணுக்கு கிடக்கும். 'சூ' என்றால் சைவம், அந்தச் சொல்லை முதல் நாளே சொல்லிக் கொடுங்கள். வெளிச் சாப்பாட்டை அனுமதிக்காத பள்ளிகளும் உண்டு, சேர்க்கும்போதே பேசிவிடுங்கள். நிலாப் பணியாரத்தின் நடுவில் உப்பிட்ட வாத்து முட்டை மஞ்சள் கரு இருக்கும், மாவில் பன்றிக் கொழுப்பும் இருக்கலாம். சோங்சியில் கறி வைக்காமல் சோடா உப்பு மாதிரியான காரத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்யும் மஞ்சள் நிற வகை ஒன்று குவாங்சோவில் கிடைக்கும். சர்க்கரை தொட்டுச் சாப்பிடலாம்.

பொட்டு, பூ வைத்து அனுப்பலாமா?

பொட்டுக்குப் பிரச்சினையே இல்லை. பல பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'முதல் எழுத்து' சடங்கு வைக்கிறார்கள். உடையைச் சரிசெய்து, கன்பூசியஸுக்கு வணக்கம் சொல்லி, ஆசிரியர் பிள்ளையின் புருவ மத்தியில் சிவப்புப் பொட்டு வைப்பார், அறிவு திறக்கட்டும் என்று. பிறகு தூரிகையில் 'மனிதன்' என்ற எழுத்தை எழுத வைப்பார்கள். அதில் இரண்டே கோடு. விஜயதசமிக்கு நெல்லில் 'அ' எழுதிவிட்டு வந்திருந்த சின்னவன், இதென்ன மறுபடியும் என்று பார்த்தான். ஏற்கெனவே பொட்டு வைத்திருந்ததால் ஆசிரியர் ஒரு நொடி தயங்கி, அதன் மேலேயே வைத்தார்.

பூவில்தான் நான் மாட்டிக்கொண்டேன். அதிர்ஷ்டவசமாக ஒரு பூங்கொத்துக் கடையில் மல்லிகை கிடைத்தது என்று தொடுத்து மூத்தவளுக்குத் தலையில் வைத்து அனுப்பினேன். பள்ளி வாசலில் பேத்தியை விட வந்திருந்த ஒரு பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு தாழ்ந்த குரலில், வீட்டில் யார் போய்விட்டார்கள் என்று கேட்டார். தலையில் வெள்ளைப் பூ என்றால் இங்கே துக்கம். இத்தனைக்கும் குவாங்சோவில் வெண்செண்பகம் மாதிரி ஒரு பூவைக் கோத்துத் தெருவில் விற்பார்கள், சட்டையிலோ பையிலோ மாட்டிக்கொள்வார்கள். தலையில்தான் ஆகாது. அன்றிலிருந்து பள்ளிக்கு ரோஜா, வீட்டுக்கு மல்லிகை.

சித்தப்பா, மாமா எல்லாம் அவர்களுக்கும் உண்டா?

உண்டு. 'அங்கிள்' என்று எல்லோரையும் ஒரே கூடையில் போடுவதில்லை. அப்பாவின் அண்ணன், அப்பாவின் தம்பி, அம்மாவின் கூடப்பிறந்தவன் மூவருக்கும் தனித்தனிச் சொல். குடும்ப மரம் வரையச் சொன்ன பாடத்தில் மூத்தவள் பத்து நிமிஷத்தில் முடித்தாள். ஆனால் ஒரு இடத்தில் வகுப்பே குழம்பியது. அங்கே அப்பாவின் சகோதரன் பிள்ளைகள் ஒரு பக்கம், மற்ற எல்லோரும் இன்னொரு பக்கம். அம்மாவின் தங்கை பிள்ளை நமக்கு உடன்பிறப்பு, அவர்களுக்கு இல்லை. மாமா மகனை ஏன் தனியாக வைத்தாய் என்று கேட்டதற்கு அவள் விவரம் சொல்லப் போக, ஆசிரியை பேச்சை மாற்றிவிட்டாராம்.

அரசியல் சொல்லித் தருவார்களா?

தருவார்கள். திங்கள்தோறும் கொடியேற்றம், தேசிய கீதம். 'ஒழுக்கமும் சட்டமும்' என்று ஒரு பாடம், அதில் கட்சியும் நாடும் நிறைய வரும். கீழ் வகுப்பிலேயே இளம் முன்னோடிகள் என்ற கட்சியின் சிறுவர் அமைப்பில் சேர்த்துச் சிவப்புத் துண்டு கட்டுவார்கள். எங்கள் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. சின்னவன் அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதான். அவனுக்கு அது கட்சி இல்லை, துண்டு.

வரைபடம் வரும் நாளும் வரும். அருணாசலப் பிரதேசத்தைச் சீனாவுக்குள் காட்டியிருப்பார்கள், நம் வரைபடத்தில் அக்சாய் சின் இந்தியாவுக்குள் இருக்கும். வகுப்பில் சண்டை போட வேண்டாம், வீட்டில் இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். "அங்க இருக்கிறவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டாள் மூத்தவள். பதில் சொல்ல நேரமானது.

படிப்புச் சுமை பயங்கரமாமே?

2021 ஜூலையில் வந்த உத்தரவுக்குப் பிறகு முதல் இரண்டு வகுப்புக்கு எழுத்து வீட்டுப் பாடம் கிடையாது, மூன்று முதல் ஆறு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் தரக் கூடாது. ட்யூஷன் கடைகளும் அடங்கின. சுவரொட்டிக்கு மட்டும் கணக்கு இல்லை.

தமிழ் மறந்துவிடாதா?

விட்டால் மறந்துவிடும். பிள்ளையோடு சீனத்தில் பேசிப் பெருமைப்படும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு உடன்பாடு இல்லை. வெளியே பத்து மணி நேரம் சீனம் கேட்கிறது, வீட்டில் அது வேண்டாம். நாங்கள் செய்தது ஒன்றுதான்: பள்ளியில் நடந்ததை இரவுச் சாப்பாட்டில் தமிழில் சொல்ல வேண்டும். சொல் இல்லாத இடத்தில் தவிப்பார்கள், அங்கேதான் வேலை நடக்கும். ஷௌச்சாவ்பாவுக்கு 'கைத்தட்டி' என்று சின்னவன் ஒரு பெயர் வைத்திருக்கிறான். கையால் செய்த தட்டியாம். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கு.

நமக்கும் சீனாவுக்கும் உள்ள பழைய உறவைப் பள்ளியில் சொல்வார்களா?

நாம் யுவான் சுவாங் என்று படித்த சுவான்சாங் என்ற பிக்கு இந்தியாவுக்கு வந்ததும், அவர் பயணத்தை வைத்துப் பிறந்த குரங்கரசன் கதையும் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். அனுமாரா என்று உங்கள் பிள்ளையைக் கேட்பார்கள். அதற்கு மேல் நீங்கள்தான் கூட்டிப் போக வேண்டும். குவாங்சோவில் ஹுவாலின் கோயில் இருக்கும் இடத்தில்தான் போதிதர்மர் கடலில் வந்து கரையேறினார் என்பது இங்குள்ள மரபு. தென்னிந்திய அரசன் மகன் என்று சொல்வார்கள், காஞ்சி என்று நாம் சேர்த்துக்கொள்வோம். ரயிலில் சுவான்சோ என்ற பழைய துறைமுக நகரத்துக்குப் போனால் கடல்சார் அருங்காட்சியகத்தில் பழைய சிவன் கோயில் கற்களைப் பார்க்கலாம். அந்த ஊரில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டின் ஆண்டு 1281.

ஒன்று மட்டும் பள்ளியே கூட்டிப்போனது. நகரத்துக்குக் கிழக்கே தென்கடல் தெய்வத்தின் கோயில், 594-ல் கட்டியது. கப்பலேறுமுன் வணிகர்கள் கும்பிட்ட இடம். உள்ளூர்ப் பெயர் போலோ கோயில். அங்கே ஒரு சிலை: சீன அதிகாரி உடை, கறுத்த முகம், கையை நெற்றிக்கு மேல் வைத்துக் கடலைப் பார்த்தபடி. இந்தியாவில் இருந்து வந்தவர், பலாக் கொட்டைகளை நட்டுக்கொண்டிருந்தபோது அவர் கப்பல் போய்விட்டது, கடலைப் பார்த்தே நின்றுவிட்டார், ஊர்க்காரர்கள் தெய்வமாக்கிவிட்டார்கள் என்பது கதை. சின்னவனின் வகுப்பு போனபோது துணைக்கு வந்த பெற்றோரில் நானும் ஒருத்தி. ஆசிரியை கதையை முடித்ததும் பிள்ளைகள் எல்லோரும் சிலையை ஒரு தடவை, இவனை ஒரு தடவை பார்த்தார்கள். ஒருவன் கேட்டான், "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?" பலா மரத்தைக் காட்டி. சின்னவன் சொன்னான். முப்பத்தொன்பது பேர் 'பலா, பலா' என்று கத்திக்கொண்டே பஸ் ஏறினார்கள். இவன் மட்டும் பின்னால் நின்று, "அம்மா, அவருக்கு அடுத்த கப்பல் வரவே இல்லையா?" என்றான்.